அசால் கேட்ட வீடு

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் மாட்டி, இன்டர்நெட் கொடுத்துவிட்டு வருகிற வேலையில் மெஷின் படுத்தும் பாடு கொஞ்சம்தான். பக்கத்தில் நிற்கும் அப்பா அம்மா படுத்தும் பாடுதான் மிச்சமெல்லாம். தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்காவில் இந்தப் பிழைப்பு பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாங்காய்ப் பூட்டு

மலாக்கா டவுன் பக்கம் பாச்சாங்கில் லெட்சுமி அக்கா வீடு. அக்காவுக்கு ஃபேக்டரி வேலை. அவர் கணவர் முனியாண்டி அண்ணன் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் கோமதி, பதினாலு வயது, படிவம் இரண்டு. நான் வார இறுதியில் கம்ப்யூட்டர் வகுப்பும் எடுத்ததால் எல்லாருக்கும் டீச்சர். கோமதியின் ரூமில் மோடம் மாட்டி முடித்ததும், அக்கா ஒரு மாங்காய்ப் பூட்டைக் கொண்டுவந்து எங்கே போடுவது என்று கேட்டார். கண்ட ஆளும் அதன் வழியாக உள்ளே வரக்கூடாதாம்.

சிரிக்கவா முடியும்? அவர் பயம் நியாயமான பயம். "கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள், எல்லார் கண்ணிலும் படட்டும்" என்றேன். அக்கா ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அது சரிதான் டீச்சர், அப்புறம் டிவிய எங்க வைக்கிறது?"

மூன்று எழுத்து

இரண்டு வாரம் கழித்து மோடம் தகராறு என்று கூப்பிட்டார்கள். சரிசெய்யும்போது அண்ணன் பெருமையாகச் சொன்னார், சாட்டில் கோமதிக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறானாம், பதினாறு வயதுப் பையனாம், மரியாதையாக முதலில் அசால் கேட்டானாம். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சாட்டில் ஏ, எஸ், எல் என்று மூன்று எழுத்து போட்டால் வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று அர்த்தம். அண்ணன் அதை மலாய் அசாலாகப் படித்து, பூர்வீகம் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து மகளைத் தட்டச் சொல்லியிருக்கிறார்: தாத்தா ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டம், இப்போது பாச்சாங், வீட்டு நம்பர், பள்ளிக்கூடம், செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு ஜொகூர் லோடு, அம்மாவுக்கு ஃபேக்டரி. இதையெல்லாம் சொல்லலாமா அண்ணே என்று சத்தமே போட்டேன். அவருக்குக் கோபம்.

"யாரு எவருன்னு கேட்டா சொல்லாம இருந்தா, தோட்டத்து வளர்ப்பு சரியில்லன்னு நெனைக்க மாட்டானா?"

நாலாவது லயம்

மோடம் கத்தி ஓய்ந்தது. சாட்டில் அந்தப் பையனும் வந்தான். "நீங்களும் அவனிடம் அசால் கேளுங்கள்" என்றேன். அண்ணன் சொல்லச் சொல்லக் கோமதி தட்டினாள். அவனும் ரெம்பியா பக்கம்தானாம், அதே தோட்டமாம். அண்ணன் முகம் மலர்ந்து, எந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் எந்த வரிசை என்று கேட்கச் சொன்னார். நாலாவது லயம் என்று பதில் வந்தது. அடுத்த வரியில், செவ்வாய்க்கிழமை வீட்டில் தனியாகத்தானே இருப்பாய், வரட்டுமா என்று கேட்டிருந்தான்.

கோமதி கையை எடுத்துவிட்டாள். அண்ணன் திரையில் நாலாவது லயம் என்ற வரியின்மேல் விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நம்ம தோட்டத்துல மூணு லயம்தான் டீச்சர்."

செவ்வாய்க்கிழமை

அண்ணன் லீவு போட்டு, லாரியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஒரு கார் மெதுவாக வந்து, லாரியைப் பார்த்ததும் நிற்காமல் போனது. ஓட்டியவனுக்கு அண்ணன் வயதுதான் இருக்குமாம். கார் நம்பரைக் குறித்து, போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்தவர், அன்றைக்குச் சோறே சாப்பிடவில்லையாம்.

அடுத்த வாரம் நான் போனபோது டிவி கோமதியின் ரூமுக்குள் போயிருந்தது. கம்ப்யூட்டர் ஹாலில், பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் அண்ணன். கோமதி என்னிடம் முறையிட்டாள்.

"யாரு வந்தாலும் அப்பா எந்தத் தோட்டம், எந்த லயம்னு கேக்குறாருலா டீச்சர், என் கிளாஸ் பொண்ணுங்ககூட ஓடிட்டாங்க."

ஆக, என் தொழிலில் எத்தனையோ வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எத்தனையோ பூட்டு போட்டுப் பார்த்துவிட்டேன், இன்றுவரை யாரும் திறக்காத பூட்டு முனியாண்டி அண்ணன் ஒருவர்தான்.