கொக்கி மறைத்த கழுத்து

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பெயர் கம்பியக்கா. பழம்பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தப் பித்தளைக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்கிறவள். பதினெட்டு வருஷமாகக் கம்பியை வளைத்தவளால் ஒரு மனுஷனையும் வளைக்க முடிந்ததில்லை, வீட்டுக்காரர் உட்பட.

வட ஆப்பிரிக்க வாட்கள் ஐந்து வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு பிடியின்மேலும், வெட்டும் அலகின் அடிவரை, மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பதிவைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் கம்பியைத் தொடுவாள். மொராக்கோ வாளுக்கு விரல்களைக் காக்க வளைந்த கொம்புகள் உண்டு, அதுதான் கைக்காப்பு. சூடான் வாளின் காப்பு சிலுவைபோலக் குறுக்கே நிற்கும். அல்ஜீரிய மலைக்காரர்களின் வாளுக்கோ காப்பே கிடையாது. பித்தளை போர்த்திய ஒல்லிப் பிடி, நுனியில் மிருகத்தலை, 'கிட்ட வந்துதான் பாரேன்' என்கிற முறைப்பு.

திங்கட்கிழமை காலை பழுதுபார்க்கும் அறையில் எட்டிப் பார்த்தவளுக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த மிருகத்தலை வாளைத் துணி சுற்றி இடுக்கியில் மாட்டியிருந்தான் அங்கே வேலைபார்க்கும் அவள் கொழுந்தன். கையில் துளைக்கருவி.

"தம்பி, அதைக் கீழ வை!"

"டைரக்டர் ஆர்டர் அண்ணி. மொராக்கோ வாளாம், காப்பு உடைஞ்சிருக்காம். ரெண்டு ஓட்டை போட்டுப் புதுசு மாட்டணுமாம்."

"காபி குடிச்சிட்டு வா. ரெண்டு காபி குடி. அதுக்குள்ள வந்துடறேன்."

சுவரில் இருந்த தாள்களைப் பிய்த்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அந்த வாள் கொக்கியில் நிற்கும் போட்டோ ஒன்றை டைரக்டர் நீட்டினார்.

"உடைஞ்ச இடத்தைக் கொக்கி போட்டு மறைச்சதே நீங்கதானேம்மா?"

காது சுட்டது. காப்பு இருக்க வேண்டிய இடத்திலேயே இரண்டு கொக்கிகள், சட்டைக் காலரைப் பிடித்தமாதிரி. அவள் போட்டவைதான். போட்டோகிராபர்மேல் பழியைப் போட்டிருக்கலாம். நல்ல மனுஷன், தாங்கியிருப்பார்.

"மறைச்சது நான்தான் சார். ஆனா உடையல. இதோ மொராக்கோ பிடி. காப்பு குறுக்க வந்து, செதுக்கின கோட்டை அறுக்குது பாருங்க. இது மிருகத்தலைப் பிடி. இதுல செதுக்கின வேலைப்பாடு பிடியிலேர்ந்து அலகு வரைக்கும் அறுபடாம ஓடுது. ஒடிஞ்சிருந்தா தழும்பு எங்க சார்? பொறக்கும்போதே இல்லாத கையை ஒடிஞ்சதுன்னு கட்டுப் போடுவாங்களா?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்நேரம் பார்த்துக் கீழே 'ர்ர்ர்' என்றது துளைக்கருவி.

நடப்பதற்கே யோசிக்கிற டைரக்டர் அன்று அவளை முந்திக்கொண்டு படியிறங்கினார்.

கொழுந்தன் ஒரு மரத்துண்டில் துளை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன அண்ணி? ரெண்டாவது காபியும் தீந்துபோச்சு."

டைரக்டர் மூச்சு வாங்க ஆர்டரைக் குறுக்கே அடித்து, 'அல்ஜீரியா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் புதுக் கொக்கிகள் தயார். இந்தமுறை அலகைத் தாங்கிப் பிடித்தன. பிடியும் அலகும் சேரும் கழுத்து திறந்தே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மிருகத்தலையின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னாலதான் மாட்டிக்கிட்டே. கோச்சுக்காதே, என்ன?"

அது வழக்கம்போல முறைத்தது.