ரத்தம் பார்க்காத துப்பாக்கி

குடையின் வளைந்த கைப்பிடியைத் தோளில் அழுத்தி, இடக்கண்ணை மூடி, மருந்து கட்டும் டிரசர் சதாசிவம் தோட்டத்து ஆஸ்பத்திரிப் படியில் நின்றபடி பப்பாளி மரத்தைக் குறிபார்த்தார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். இல்லாத ஒரு விசையைச் சுட்டுவிரல் மெல்ல இழுத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. காலி வாளியோடு கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த வீரமுத்து நின்று வேடிக்கை பார்த்தான்.

“டிரசரய்யா, மழ பேயுது. கொடய விரிச்சிக்கிட்டுச் சுடுங்க.”

“போடா. காய் விழுந்திருச்சு, போய்ப் பொறுக்கு.”

“காய்ன்னா கொழம்புக்காவது ஆவும். நீங்க காயித அட்டையத்தான் சுடுவேங்கிறீங்க. அட்டைய எப்பிடி ஆக்கித் திங்கிறது?”

தோட்டத்தில் வேறு யாரும் டிரசரிடம் இப்படிப் பேச மாட்டார்கள். வீரமுத்து பால்மரம் சீவுகிறவன். ஒரு மழைக்காலத்தில் அவன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, சதாசிவம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயில் கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊற்றினார். எழுந்து நடந்த பிறகு அவனுக்கு அவரிடம் பயம் விட்டுப்போயிற்று.

சிங்கப்பூருக்கு வடக்கே, பாலோ ஊருக்கு உள்ளே, காட்டை அழித்துப் புதிதாகப் போட்ட ரப்பர்த் தோட்டம் அது. கப்பலில் வந்து இறங்கியவர்களில் சிலர் சீவுகத்தியைச் சரியாகப் பிடிக்கப் பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விடுவார்கள். டாக்டர் குளுவாங்கிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கலக்குவதும், புண் கழுவுவதும், செத்தவர் இமையைக் கட்டைவிரலால் மூடித் தாடையைத் துணிப்பட்டையால் கட்டுவதும் சதாசிவத்தின் வேலை. அதை முடித்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவியபின் குடையை எடுப்பார். டிரசர் குடையைத் தோளில் வைத்தால் அன்றைக்கு உள்ளே ஒரு கட்டில் காலி என்று லயத்துப் பெண்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

எதைக் கண்டாலும் இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பது அவருடைய இன்னொரு வழக்கம். நோயாளியின் நெஞ்சைத் தட்டித் தட்டி வந்த பழக்கம். பூசணிக்காயைத் தட்டுவார். கதவைத் தட்டிவிட்டு அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்பார். உள்ளேயிருப்பவர்கள் திறந்துவிட்டுத் திகைப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “என் சட்டைய யாரு தொவைக்கிறது, பாவம்” என்பார்.

தோட்டத்துப் பெரிய துரை ஞாயிறு மாலையில் பழைய கல்லுடைப்புப் பள்ளத்தில் அட்டை நிறுத்திச் சுடுவார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் உத்தியோகஸ்தர்களும் காலை வேளையில் அங்கே சுடலாம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து சதாசிவத்துக்கு வேறு நினைப்பில்லை. மரவள்ளியைத் தோண்டிப் போடும் பன்றிகளைச் சுட்டுத் தரும்படி லயத்து ஆட்கள் முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். “அட்டைக்கு வலிக்காது. சுட்டா ஓட்ட விழும், அம்புட்டுதான். அதுக்கு நான் கட்டுப் போட வேணாம்” என்றார்.

பெரிய சண்டை முடிந்து, பட்டாளத்தார் கழித்துப் போட்ட துப்பாக்கிகள் சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். புதுத் துப்பாக்கி டிரசர் சம்பளத்துக்கு எட்டாது. குளுவாங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அப்துல் ஹலீம் ராவுத்தர் அந்தப் பழைய சரக்கில் மூன்றை எடுத்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், சதாசிவம் வீரமுத்துவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

மண்வெட்டிகளையும் விளக்குகளையும் ஒதுக்கிவிட்டு, ராவுத்தர் சாக்கை விரித்து மூன்றையும் கிடத்தினார். முதல் துப்பாக்கி நீளமானது. சதாசிவம் பின்பக்கத்தைத் திறந்து, அங்கே ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை வைத்து, வெளிச்சம் உள்ளே திரும்பும்படி பிடித்து, வாய்ப்பக்கமிருந்து பார்த்தார். குழல் கண்ணாடிபோல் இருந்தது. உள்ளே முறுக்கிச் செல்லும் வரிகள் கடைசி வரைக்கும் கூர்மையாகத் தெரிந்தன. ஒரு தோட்டாவை வாங்கி, அதன் மூக்கைத் துப்பாக்கியின் வாயில் வைத்தார். தேய்ந்த குழலென்றால் குண்டு முழுக்க உள்ளே இறங்கிவிடும். இதில் பாதியிலேயே நின்றது. துப்பாக்கியின் மரக்கட்டையை இரண்டு விரலால் தட்டினார். விரிசலில்லாத ஓசை.

“அலமாக்! துப்பாக்கிக்கு நாடி பாக்குற ஆள இப்பதான் பாக்குறேன்” என்றார் ராவுத்தர். “எடுத்துக்கிடுங்க டிரசரே. இதவிட நல்ல சாமான் இந்த வெலைக்கு வராது லா.”

சதாசிவத்தின் விரல் கட்டையின் அடிப்பக்கத்தில் நின்றுவிட்டது. அங்கே சின்னச் சின்னக் கீறல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கத்தியால் நிதானமாகப் போட்டவை.

“இது என்ன?”

ராவுத்தர் குனிந்து பார்த்தார். “எந்தப் பட்டாளத்தானோ பொழுது போவாம கீறியிருக்கான்.”

“எத எண்ணிக் கீறினான்?”

ராவுத்தர் இரண்டாவது துப்பாக்கியை முன்னே நகர்த்தினார். சதாசிவம் அதைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவதின் குழலுக்குள் அம்மை வந்த முகம்போல் குழிகள். மூன்றாவது ஒரு குட்டைத் துப்பாக்கி. அடியில் உள்ள பிடியை இறக்கினால் வாய் திறக்கும், ஒரு முறைக்கு ஒரு தோட்டா. வரிகள் மழுங்கியிருந்தன. தோட்டாவின் மூக்கும் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது. ஆனால் கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. 

“இது சண்டைக்கே போவல. ஊர்க்காவல் படைக்காரங்க பழகிக்கிட்டிருந்தது” என்றார் ராவுத்தர். வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்தபடி, “ரத்தம் பாக்காத துப்பாக்கி. அல்லா மேல” என்று சேர்த்துக்கொண்டார்.

“இதுவே போதும்” என்றார் சதாசிவம்.

“ஐயா, நல்ல கொழல விட்டுட்டு நொண்டிக் குதிரைய வாங்குறீங்க” என்றான் வீரமுத்து.

“அட்டை எங்கயும் ஓடிறாதுடா.”

லைசென்ஸ் கைக்கு வந்தபோது ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. பூஜைக்கு முன்னால் முதல் குண்டு வேண்டாம் என்று வைத்திருந்தார். சிக்கல் அங்கம்மாவிடமிருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவி, கட்டுத்துணி அவித்து, பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் செய்கிறவள். டிரசருக்கு அடுத்தபடி அந்தக் கட்டடத்தில் அவள் சொல்தான்.

“ரத்தம் பாக்காத ஆயுதம்னா அது ரத்தம் கேக்குங்கய்யா. ஒரு சேவல அறுத்துக் காட்டிட்டுக் கையில எடுங்க.”

“எனக்கு ரத்தம் படாத நாள் எது அங்கம்மா? அதுக்கும் ஒரு கோழியக் கொல்லணுமா?”

“காவு குடுக்கலேன்னா அதுவா எடுத்துக்கும்.”

“எலுமிச்சம்பழம் வெக்கிறேன். குங்குமம் தடவினா அதுவும் செவப்புதானே.”

அங்கம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

மருந்து அறையில், கத்தரிக்கோலும் ஊசிகளும் பரப்பிய பலகைக்குப் பக்கத்தில், துப்பாக்கியைச் சுவரோடு நிறுத்தினார். உள்ளும் புறமும் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். கட்டைக்குச் சந்தனம் வைத்தார். தோட்டத்து முனியாண்டி கோயிலில் வேலின் நுனியில் பழம் குத்தி வைப்பார்களே, அதேபோல முழு எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தில் புரட்டி, துப்பாக்கியின் வாயில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பழம் இறுக்கமாக உட்கார்ந்தது. சிவந்த சாறு குழல்வழியே வழிந்தது. அதைப் பார்த்து அவருக்கே ஒரு திருப்தி.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. மறுநாள் ஞாயிறு. விடியும்போது ஒரு சின்னப் பெண் செத்துப்போனாள். தாடையைக் கட்டி, கையைக் கழுவிவிட்டுக் குடைக்காகக் கையை நீட்டியவர், இன்று குடை வேண்டாம் என்று நினைவு வந்து மருந்து அறைக்குள் போனார். பழத்தைப் பிடுங்கி ஜன்னல்வழியே எறிந்தார். நேற்றுத் துடைத்த குழல்தானே என்று எண்ணினார். காகிதத்தை வைத்துப் பார்க்கவில்லை. எறிந்த பழத்தைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும், நடுவில் வட்டமாக ஒரு துண்டு அதில் இல்லை என்று.

பள்ளத்தில் அட்டை நின்றது. வீரமுத்து எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டு வந்திருந்தான். சதாசிவம் தோட்டாவைப் போட்டு மூடினார். தூக்கினார். பிறகு இறக்கி அவனிடம் நீட்டினார்.

“ஒன் கை ராசியான கை. நீ மொதல்ல சுடு.”

“நானா? நெசமாவா?” அவன் பல்லெல்லாம் தெரிந்தது. “விழுந்தா பாதி அட்டை எனக்கு. சொல்லிட்டேன்.”

அந்த ஒரு கணத்தை அவர் பிற்பாடு பலமுறை எடுத்துப் பார்த்தார். அன்பினால் கொடுத்தாரா, அங்கம்மா சொன்னது உள்ளே எங்கோ கிடந்து உறுத்தியதால் கொடுத்தாரா? அவருக்கே பிடிபடவில்லை.

வீரமுத்து கம்பைப் பிடிப்பதுபோல இடக்கையை நுனிவரைக்கும் நீட்டிப் பிடித்திருந்தான். “கையப் பின்னால...” என்று அவர் வாயெடுத்தார். வெடித்தது. குழலின் நுனி வாழைப்பூ மடல்போலப் பிளந்து விரிந்தது. அட்டையில் ஒரு கீறலும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் லயமே கூடிவிட்டது. குளோரோபாம் மயக்கத்தில் கிடந்தவனின் இடக்கையை அவர் கழுவினார். சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மரம் சீவுகிறவனுக்கு இரண்டு கையும் ஒத்துப் போகவேண்டும். ஒன்று கத்தியைத் தள்ள, மற்றொன்று அதை வழிநடத்த. இனி அவனுக்குப் புல் வெட்டும் வேலைதான், அதற்கும் பாதிக் கூலிதான் என்று கழுவும்போதே அவருக்குத் தெரிந்தது. அங்கம்மா கிண்ணத்தை ஏந்தி நின்றாள். “எடுத்துக்கிச்சு” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். வெளியே அந்தச் சொல் உடனே பரவியது. வேறு சிலர் ராவுத்தரைத் திட்டினார்கள். உளுத்த துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டான், அவன் கடையைச் சும்மா விடக்கூடாது என்று குரல்கள் ஏறின.

இடுக்கியால் இரும்புச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. இடுக்கியின் நுனியில் இருந்தது இரும்பல்ல. மஞ்சளும் பச்சையுமாக ஒரு தோல்துணுக்கு. மூக்கருகே கொண்டுபோனார். வெடிமருந்து நாற்றத்துக்கு அடியில் எலுமிச்சை மணத்தது. அங்கம்மா கிண்ணத்தை நீட்டினாள். அவர் அதில் போடவில்லை. தனியாக ஒரு பஞ்சில் வைத்தார்.

வீரமுத்துவுக்குச் சாயங்காலம் தெளிவு வந்தது. சதாசிவம் பக்கத்தில் உட்கார்ந்து, மாற்றுவதற்காகக் கட்டுத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சட்டை மாற்றவில்லை.

“ராவுத்தரு நம்மள ஏமாத்திட்டாரு, இல்லீங்களா?” என்றான் வீரமுத்து. நாக்கு குழறியது. “எந்தம்பியும் ஆளுங்களும் நாளைக்கிக் குளுவாங்குக்குப் போறாங்களாம். கடைய ஒடைக்கப் போறாங்களாம்.”

“போவ வேணாம்னு சொல்லு.”

“அப்ப அங்கம்மாக்கா சொன்னதுதானா? காவா?”

ஆமென்று தலையசைத்தால் போதும். தோட்டம் முழுவதும் அதைத்தான் நம்பத் தயாராக இருந்தது. ராவுத்தர் கடையும் பிழைத்துப்போகும், டிரசரும் பிழைத்துப்போவார். சதாசிவம் கட்டிலின் சட்டத்தை இரண்டு விரலால் தட்டினார். பிறகு பஞ்சைப் பிரித்து, அந்தத் துணுக்கை அவனுடைய வலது உள்ளங்கையில் வைத்தார்.

“ஒன் கைக்குள்ள இருந்து எடுத்தேன். நான் வெச்ச பழம். கொழல அடைச்சிக்கிட்டிருந்திருக்கு. நான் பாக்கல.”

வீரமுத்து அதை முகர்ந்தான். நெடுநேரம் முகர்ந்தான். கேலி ஏதாவது வருமென்று அவர் காத்திருந்தார். துணுக்கைத் தரையில் உதிர்த்துவிட்டு, அவன் மெல்ல முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பாதி அவிழ்ந்த கட்டோடு இருந்த இடக்கையை மட்டும் அவர் பக்கமாகவே நீட்டி வைத்திருந்தான்.