மூடிக்குள்ள ஒரு "வாங்க"

நான் பொட்டி செய்யறவளுங்க. மரப்பொட்டி இல்லீங்க, அட்டைப்பொட்டி. மாசாமாசம் ஊடு தேடி வருதே, எண்ணெய், சோப்பு, கொழந்தைக்கு வெளையாட்டுச் சாமான், நாய்க்குத் தீனின்னு, அந்தச் சந்தாப் பொட்டிக. அது எந்த அளவுல இருக்கோணும், தொறந்ததும் மொதல்ல என்ன கண்ணுல படோணும், எந்த மடிப்புல என்ன எழுதோணும்னு யோசிச்சு வரைஞ்சு குடுக்கறது என்ற வேலை. கணபதிங்கற ஏரியாவுல ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல மாடியில ஆபீஸ். கீழ லேத்து ஓடிட்டே இருக்கும், மேல நான் அட்டைய வெட்டி ஒட்டிட்டே இருப்பேன்.

உங்க எல்லார்த்துக்கும் ங்க போட்டுத்தான் பேசுவேன். இதுல ஒருத்தன் வாரான், அவனைப் பத்திச் சொல்றப்ப மட்டும் போட மாட்டேன். கொழுப்புன்னு நெனைச்சீங்கன்னா நெனைச்சுக்கங்க.

அவன் என்ற ஆபீசுக்கு வந்தப்ப வெள்ளைச் சட்டையில கஞ்சி மொடமொடன்னு இருந்துச்சு. காங்கேயத்துப் பக்கம் எண்ணெய் மில்லு, தென்னந்தோப்பு, எல்லாம் பரம்பரைச் சொத்து. தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், நாட்டுச் சக்கரை எல்லாத்தையும் ஒரு பொட்டியில போட்டு மாசச் சந்தாவா விக்கோணும்னான். தோட்டத்துப் பேரைச் சொன்னான் பாருங்க, அட்டை வெட்டற கத்தியக் கீழ வெச்சுட்டேன். அந்தத் தோட்டத்துக் களத்துல கொப்பரை காய வெச்சு, களை வெட்டி, தேங்கா மட்டை பொறுக்கித்தான் எங்கம்மா என்னைப் படிக்க வெச்சுது.

அப்ப இவன் அரை டவுசர் போட்ட பையன். என்னைவிட நாலஞ்சு வயசு மூத்திருப்பான். பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் அம்மாகூடக் களத்துக்குப் போவேன். ஒரு நாள் மட்டை உரிக்கற மிஷின் ஓடிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல இவன் படியில நின்னு தண்ணி கேட்டது அம்மாவுக்குக் கேக்கல. விடுவிடுன்னு வந்தான், எங்கம்மா முன்னாடி நின்னு, "கூப்பிடறது காதுல உழுகலையா? செவிடா நீ?"ன்னான். என்ற அம்மா, அவனைப் பெத்தவ வயசு அதுக்கு, கையைச் சேலையில தொடச்சுக்கிட்டு, "இதா வாரேனுங்க சாமி"ன்னு ஓடுச்சு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அன்னிலிருந்து அம்மாவுக்கு அந்தத் தோட்டத்துல பேரு செவிடி. "ஏ செவிடி, இங்க வா." "செவிடியக் கூட்டி வா." சொந்தப் பேரு ஒண்ணு இருக்குதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவும் அந்தப் பேருக்கே திரும்பிப் பாத்துச்சு, எத்தனையோ வருசம். என்னால மட்டும் அதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலீங்க. அந்த வயசுலேருந்து கறுவிக்கிட்டேதான் இருந்தேன்.

வேலை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவனை எதுத்தாப்புல உக்கார வெச்சு, காப்பி வாங்கிக் குடுத்து, என்ன வேணும்னு கேட்டேன்.

மூடியில அவிங்க தாத்தா படம் வேணுமாம். பெரிய மீசை, பக்கத்துல காளை, கீழ தங்கக் கலர்ல "பாரம்பரியம்". கெரகமேன்னு நெனைச்சுக்கிட்டேன். "ஏனுங்க சார், பொட்டி வாங்கறவங்களுக்கு உங்க தாத்தா என்ன ஒறவுங்க?"ன்னு கேட்டேன். கொண்டாந்த படத்தைத் திருப்பிப் பாத்தான். எண்ணெய் எல்லாக் கடையிலயும் கெடைக்குது, மொத மாசம் எவ்வளவு ஆசையாத் தொறந்தாங்களோ மூணாவது மாசமும் அப்பிடியே தொறக்கோணும்னா பொட்டி அவங்களைப் பத்திப் பேசோணும், உங்களைப் பத்தி இல்லைன்னேன். நம்ம சீமையில ஒருத்தரை மயக்கறதுக்குத் தாத்தா மீசையெல்லாம் வேண்டியதில்ல, ஒரே ஒரு ங்க போதும்னேன்.

அப்பிடித்தான் அந்தப் பொட்டி வந்துச்சு. பளபளப்பு ஒண்ணுமில்ல, மண்ணு நெறத்துல கெட்டி அட்டை, தென்னை ஓலைப் பச்சையில ஒரே கலர் மை. பாட்டில் கழுத்தை அட்டையே புடிச்சுக்கற மாதிரி வெட்டு, கூரியர்க்காரன் தூக்கி வீசுனாலும் சாயாது. வெளியில கிழிக்கற பட்டையில ஒரே ஒரு வார்த்தை, "ஏனுங்க..." வாசல்ல நின்னு ஒறம்பர, அதாங்க விருந்தாளி, கூப்பிடற மாதிரி. கிழிச்சு மூடியத் தூக்கினா உள்பக்கம், "வாங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா?" சாமானை எல்லாம் எடுத்த பொறகு அடியில, "போயிட்டு வாரேனுங்க." அந்த அடி வரிய எடுத்துரலாம், மை மிச்சம்னு அவன் சொன்னான். நான் விடல. வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனவங்களை யாருங்க வராதீங்கம்பாங்க? சந்தா நிக்காம இருக்கறதே அந்த வரியிலதான் இருக்குது.

மாதிரிக்குச் செஞ்ச டம்மியத் தொறந்து பாத்தவன் மேசையில தட்டுனான். "மேடம், பிரமாதமுங்க!"

எனக்கு ங்க போட்டான் பாருங்க. செவிடி மகள்னு தெரிஞ்சிருந்தா நான் குடுத்த காப்பியத் தொட்டிருக்கவே மாட்டான்.

மொதச் சந்தா நான்தான் கட்டுனேன், எங்கம்மா பேருல. அம்மா இப்ப மதுக்கரையில இருக்குது, ரெண்டு ரூமு, முன்னால சின்னதா ஒரு இரும்புக் கேட்டு. சிமெண்டு லாரிக போற ரோட்டுமேலயே ஊடு. பொட்டி வந்த அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். லேபிள்ல "திருமதி"ன்னு போட்டு அம்மாவோட முழுப் பேரும் அச்சாயிருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சுப்போட்டு அதுமேல வெரல வெச்சு ஒருக்காத் தடவுச்சு. "யாரு கண்ணு இது, எம்பேரத் தெரிஞ்சவங்க?"ன்னு கேட்டுச்சு. நான் சொல்லல, பொட்டியிலயும் தோட்டத்துப் பேரு இல்ல. மூடியத் தொறந்து வாங்க அம்மணின்னு படிச்சதும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. பொட்டிய எறியல. டிவிக்குப் பக்கத்துல மூடியத் தொறந்தபடி வெச்சுருச்சு. "தொறந்து வெச்சா கூப்பிடுது, மூடுனா கூப்பிட மாட்டீங்குது"ன்னு எனக்கே வெளக்கம் வேற.

யாவாரம் புடிச்சுக்கிச்சு. மேட்டுப்பாளையத்துலேருந்து ஒரு அம்மா சந்தாவ நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். பேசிட்டே இருந்தவங்க, "போயிட்டு வாரேன்னு எழுதியிருக்கீங்களே, எப்பிடிங்க வேண்டாங்கறது, சரி அனுப்புங்க"ன்னு வெச்சுப்போட்டாங்களாம். ஆளாளுக்கு மூடியத் தொறந்து வீடியோ எடுத்துப் போட்டாங்க. தொழில்னு பாத்தா எனக்குப் பெருமைதான். அதோட விட்டிருந்தான்னா நானும் விட்டிருப்பேனுங்க.

விடல. யூடியூப்ல எவனோ பேட்டி எடுக்க வந்தான். இவன் காளை மாட்டுக் கழுத்தத் தடவிக்கிட்டே சொல்றான்: "இது பொட்டிக்காகச் செஞ்ச மரியாதை இல்லீங்க. எங்க தோட்டத்துல வேலைக்கு வாரவங்களைக்கூட தாத்தா காலத்துலேருந்து வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவோம்."

நான் போனைத் தூக்கிச் செவுத்துல அடிச்சிருப்பேன். தவணை முடியலையேன்னு அடிக்கல. அடப்பாவி, நான் எழுதுன வரியத் தூக்கி உன்ற பாட்டன் வாயில வெக்கறியான்னு ராத்திரியெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். மறுநாளே போன் போட்டேன். "சார், வருசம் முழுக்க நிறுத்தாம வாங்கறவங்களை நாம சும்மா விடக்கூடாதுங்க. மொத ஆளா சேந்தவங்க ஊட்டுக்கு அடுத்த பொட்டிய நீங்களே கொண்டுபோய்க் குடுக்கோணும். பொட்டி பேசறதை உங்க வாயால பேசோணும். வாசல்ல நின்னு ஏனுங்கன்னு கூப்பிடோணும், கெளம்பறப்ப போயிட்டு வாரேனுங்கன்னு சொல்லோணும். வீடியோ எடுத்துப் போட்டா அப்பறம் ஒருத்தர் சந்தாவ நிறுத்தட்டும் பாக்கலாம்."

"மேடம், உங்க மூளையே மூளைங்க"ன்னான். மொத ஆளு யாருன்னு அவன் ஆபீஸ்ல பேரைச் சொன்னாங்க. அவனுக்கு அது எவளோ ஒருத்தி பேரு. செவிடிக்கு அப்பிடி ஒரு பேரு இருக்கும்னு அவன் கண்டானா?

எனக்குப் பயமே எங்கம்மா மேலதான். அவன் கூப்பிட்டுருவான், வேற வழியில்ல. ஆனா அவனைக் கண்டதும் எங்கம்மா எந்திரிச்சு நின்னு, "வாங்க சாமி"ன்னுருச்சுன்னா? நான் போட்ட திட்டமெல்லாம் பொசுக்குனு போயிரும். அவனுக்கு அது இன்னொரு மரியாதை, அம்புட்டுத்தான். அதனால ஞாயித்துக்கெழமை போய் எல்லாத்தையும் சொன்னேன். பொட்டி யாரோடது, யாரு வாரான், எதுக்கு வாரான்.

அம்மாவுக்கு வந்துச்சே கோவம்! "ஏண்டி, உனக்கு எதுக்குடி இந்த வேல? இத்தனை நாளும் அவிங்க எண்ணெயத்தான் தலைக்கு வெச்சனா? அவன் மூஞ்சியப் பாத்தா என்ற வாயில தானா சாமின்னு வந்துரும். கை தானாக் கும்பிட்டுரும். நான் என்ன பண்ணுவேன்?" சொல்லிப்போட்டு டிவிக்குப் பக்கத்துல இருந்த பொட்டிய எடுத்து மூடிய மூடி மூலையில போட்டுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. பழி வாங்கறேன்னு கெளம்பி, பெத்தவளையே மறுக்கா அந்தக் களத்துல கொண்டுபோய் நிறுத்திப்போட்டனேன்னு இருந்துச்சு. "வேண்டாம்னா நிறுத்திரட்டுமாம்மா?"ன்னேன். எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு.

அவன் வார அன்னிக்குக் காலையில போய்ப் பாக்கறேன், அம்மா ஊட்டுச் சேலையோடவே இருந்துச்சு. நல்ல சேலையக் கட்டிக்கம்மான்னேன். "எதுக்கு? எண்ணெய் கொண்டாந்து குடுக்கறவனுக்கா?"ன்னுச்சு. பிளாஸ்டிக் சேரை இழுத்து வாசல் நெலவுக்கு நேராப் போட்டு உக்காந்துருச்சு.

கார் வந்து நின்னுச்சு. கல்யாண வீடியோ எடுக்கறவர் ஒருத்தர் கேமராவோட மொதல்ல எறங்குனாரு. அப்பறம் இவன், அதே கஞ்சிச் சட்டை, கையில பொட்டி. கேட்டுக்கு வெளிய நின்னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு, "ஏனுங்க!"ன்னான். கேட்டைத் தொறந்துக்கிட்டு உள்ள வந்தான். அம்மாவப் பாத்தான்.

மூஞ்சியில ஈயாடலீங்க. "ஏ செவி..."ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, கேமராவப் பாத்து முழுங்குனான். நான் அம்மாவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மாவோட ரெண்டு கையும் சேரோட கையை இறுக்கிப் புடிச்சுது. எந்திரிக்கப் போகுதுன்னு எனக்கு உசுரே போயிருச்சு.

எந்திரிக்கல. உக்காந்தபடியே நிதானமா, "வா கண்ணு"ன்னுச்சு. "செருப்ப அங்கயே கழட்டிப்போட்டு உள்ள வா."

அடே சாமி! கண்ணுன்னா கொஞ்சறதுதானுங்களே, அதுல எவன் குத்தம் சொல்ல முடியும்? என்னைக் கூப்பிடற அதே கண்ணு. ஆனா அந்தத் தோட்டத்து வம்சத்துல ஒருத்தனை எங்கம்மா வான்னு கூப்பிட்டது அதுதான் மொதத் தடவை. அவன் குனிஞ்சு செருப்பக் கழட்டுனான். அப்பிடியே தலையத் தூக்கி என்னைப் பாத்தான். "பொட்டி செஞ்சது எம்மவதான் கண்ணு"ன்னு அம்மா அதையும் சொல்லிருச்சு. அப்பத்தான் நான் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சுது. நான் சிரிச்சேன், நல்லாவே சிரிச்சேன்.

அம்மா வான்னு சொன்னதுலேருந்தே ரோட்டுல சிமெண்டு லாரிக்காரனுக ஆரன அமுத்திக்கிட்டே போய்க்கிட்டு இருந்தானுக. வீடியோக்காரர் கையைத் தூக்கிட்டாரு. "சார், ஏனுங்கன்னது மட்டும் தெளிவா உழுந்திருக்குது, மத்தது பூரா ஆரன் சத்தமுங்க, மொதல்லேருந்து எடுக்கோணுமுங்க. தப்பா நெனைக்காதீங்க, கேட்டுக்கு வெளிய போய் மறுக்கா கூப்பிடுங்க." அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது, அவரு வேலைய அவரு பாத்தாரு.

இவன் பொட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய போனான். மொதக் கூப்பாடு யாருன்னு தெரியாமக் கூப்பிட்டது, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. இப்ப உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சு கூப்பிடோணும். நின்னான். காரைப் பாத்தான். கையிலிருந்த பொட்டியப் பாத்தான். பட்டையில எழுதியிருந்துச்சே, அதையே பாத்துக்கிட்டு இருந்தான். வீடியோக்காரர், "ரெடிங்க சார்"ன்னாரு.

"ஏனுங்க..."

அம்மா பேசல. என்ன சொல்லோணும்னு மறந்துருச்சோன்னு நான் கிட்டப் போனேன். கையக் காமிச்சு என்னை நிறுத்திருச்சு.

"ஏனுங்க..." கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டான். பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. அம்மா சேலைத் தலைப்பச் சரி பண்ணிக்கிச்சு, சாஞ்சு உக்காந்துச்சு.

"ஏனுங்க! ஊட்ல இருக்கீங்களா? ஏனுங்க!"

"இரு கண்ணு, வாரேன்"னுச்சு அம்மா. "காது கேக்கல."

எங்கம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குமுங்க.