உண்ணிச்செடிக்கு முடிவெட்டியவர்

எங்கள் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடினார். முதலில் நான் வெங்காயம் நறுக்குவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டு நாற்காலியே கதியென்று கிடந்தார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஊருக்கு வெளியே காட்டை உண்ணிச்செடி மூடிவிட்டது, ஞாயிறு காலையில் ஆட்கள் சேர்ந்து பிடுங்குகிறார்கள் என்றார்கள். நானே அவர் பெயரைக் கொடுத்தேன். "போகலைன்னா அடுப்பு எரியாது" என்று துரத்தினேன்.

போனவர் என்ன செய்தார் தெரியுமா? தொழில் புத்தி! ஒரு சரிவு முழுவதையும் பெரிய கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டிவிட்டு, பின்கழுத்து மாதிரி வழவழப்பு என்று பெருமை வேறு. வேரெல்லாம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு மழைதான், வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிட்டது.

"இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மறுபடியும் அந்த நாற்காலியா?

அடுத்த ஞாயிறு நானே இழுத்துக்கொண்டு போனேன். குழுவை நடத்துவது ஓய்வுபெற்ற நர்ஸம்மா. இவரை ஒரு வார்த்தை குறை சொன்னால் சண்டைதான் என்றிருந்தேன். அந்த அம்மாவோ இவரிடம் ஒரு கடப்பாரையை நீட்டினார்.

"அண்ணே, அந்தச் சரிவு உங்க பொறுப்பு. வேரோட எடுங்க. மண்ணு ஒட்டியிருந்தா திரும்பப் பிழைச்சுக்கும், சுத்தமா உதிர்த்துடணும்."

இவர் நெம்பி ஒரு வேரைத் தூக்கினார். கை தன்பாட்டுக்கு ஆடியது. மண் பொலபொலவென்று கொட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இதுக்கு நான் மெனக்கெடவே வேணாம் போலிருக்கே!" என்று அவரே சிரித்துவிட்டார்.

"எங்களுக்கெல்லாம் உதறி உதறித் தோள் கழண்டு போகுது. உங்களுக்குக் கொடுப்பினை" என்றார் நர்ஸம்மா.

தன் கையைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான் முதல்முறை. அந்த அம்மாவுக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள்.

ஏழு மாதமாகிறது. சரிவில் காட்டின் சொந்தக் கன்றுகள் தலைகாட்டுகின்றன. யாரும் தவறிப் பிடுங்கிவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணிக் கீற்று கட்டியிருக்கிறது. கடையில் வாடிக்கையாளருக்குப் போர்த்துகிற துணி அது. பீரோவில் மடித்து வைத்து, என்னைத் தொடக்கூட விடாமல் இருந்தார். அவரே எடுத்து, அவர் கையாலேயே கிழித்துக் கட்டினார்.

நேற்று அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "வெங்காயத்தை இப்படியா நறுக்குறது?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது.