ஆடியில் பிரியாத ஜோடி

எண்பதுகளின் கடைசி. நான் விலங்கியல் இரண்டாம் வருஷம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பாப்பாவுக்கு இரண்டு வயதாகியும் நடை வரவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, குரோமோசோம் ஒன்று அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நீ இதத்தான படிக்கற? அப்படின்னா இன்னா, சொல்லு" என்றாள் அக்கா.

என்னிடம் யாரும் பாடம் கேட்டதே இல்லை. தலைகால் புரியாமல் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக வரைந்தேன். உடம்பு வளர செல் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். நாற்பத்தாறும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் நடுவில் வரிசை கட்டும், பக்கத்துக்கு ஒரு நகலாகப் போகும், இரண்டு செல்லுக்கும் நாற்பத்தாறு. கருமுட்டைக்குக் கதை வேறு. அங்கே அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா வழி வந்த ஒன்றும் அம்மா வழி வந்த ஒன்றும் ஜோடி சேரும், ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும், பிறகு எதிரெதிர்ப் பக்கம் போய்விடும். அதற்கப்புறம்தான் நகல்கள் பிரியும். முட்டைக்குக் கிடைப்பது பாதி, இருபத்து மூன்று.

"பாப்பாவுக்கு, ஜோடி பிரிய வேண்டிய நேரத்துல பிரியலக்கா. அதான் ஒண்ணு அதிகம். அவ்ளோதான்."

அக்காவின் முகம் செத்துப்போனது.

"அப்போ எங்க மாமியார் சொல்றது நெசந்தான். ஆடிக்குன்னு படப்பைக்கு அம்மா வூட்டுக்கு அனுப்பனாங்க. அவரைப் பாக்காம இருக்க முடியல. பத்தே நாள்ல ஓடியாந்துட்டேன். பாப்பா அப்போ தங்கனதுதான்."

என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜோடி என்றால் அவளுக்கு அவளும் அவள் புருஷனும்தானே!

"ஐயோ அக்கா, அந்த ஜோடி இல்ல! இது கண்ணுக்கே தெரியாத முட்டைக்குள்ள. அது ஜோடி சேந்ததே நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்போ. அதுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. பிரியாமப் போனதுக்கு யாரும் காரணம் இல்ல."

அவள் படத்தையே பார்த்தாள். சிவப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் விரலால் தடவினாள்.

"இதுல நான் எங்க கீறேன்?"

"எங்கயும் இல்லக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாப்பாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். உள்ளே மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இன்னொரு தபா சொல்லு. கொஞ்சம் சத்தமா சொல்லு."

சொன்னேன். உள்ளே தேய்க்கும் சத்தம் நின்றது.