குளத்தோர வரிசை

அந்தப் பூச்சிமருந்தை அடித்தவன் நான். பழியோடு வெளியே போனவர் தோட்டக்காரர். அவர் போவதை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வேலைக்காலம் முழுக்க டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் துவாரகாவில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தேன். நஜஃப்கட் தாண்டி திருநெல்வேலிக்கார அம்மாள் ஒருவர் நர்சரி நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போனேன். பிறகு ஞாயிறுதோறும் போகத் தொடங்கினேன். ரசாயனம் எதையும் அவர் உள்ளே விடமாட்டார். வேப்பம்புண்ணாக்கு, புளித்த மோர், மிச்சத்தைக் கையால் பொறுக்குவது, அவ்வளவுதான். உடும்பு தங்கட்டும் என்று பட்டுப்போன கட்டைகளை மூலையில் குவித்து வைத்திருந்தார். குளத்தோரமாக ஒரு வரிசைக் கறிவேப்பிலை இருந்தது. அது விற்பனைக்கு இல்லை, பட்டாம்பூச்சிப் புழுக்கள் தின்பதற்கு. வருகிறவர்களுக்கு அதைக் காட்டி விளக்குவது நாளடைவில் என் வேலையாகிவிட்டது. "இது அவங்க பங்கு" என்று நான் சொல்லும்போது குழந்தைகள் கைதட்டும். எனக்கும் அது பிடித்திருந்தது.

தோட்டக்காரர் பிஹார்க்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அந்த இடம் வெறும் களர் நிலமாகக் கிடந்த நாளிலிருந்து அந்த அம்மாளோடு இருந்தவர். நான் போய் உட்கார்ந்ததும் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவருவார்.

ஓர் ஆவணியில், ஊரில் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று அந்த அம்மாள் கிளம்பினார். சாவியை என்னிடம் கொடுத்தார்.

"பத்து நாள் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. உங்கள விட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?"

அதற்கு முன்பே நான் வேறோர் இடத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன். பழைய குடியிருப்புத் தமிழர்கள் நடத்தும் விநாயகர் சதுர்த்தி விழாவில் வீட்டுக்கொரு கறிவேப்பிலைக் கன்று, மொத்தம் நாற்பது, என் பொறுப்பு. டெல்லியில் அந்தச் செடியை ஒரு குளிர்காலம் தாண்டவைக்கிற ஆளுக்கு எங்களவர்களிடம் தனி மரியாதை உண்டு. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது புழுக்கள் தங்கள் வரிசையில் பாதியைத் தீர்த்துவிட்டு, நர்சரியில் நான் ஒதுக்கி வைத்திருந்த நாற்பது கன்றுகளுக்கும் வந்துவிட்டன.

"கையால எடுத்து எலுமிச்சை மரத்துல விட்டுடலாம், பாபூஜி. ரெண்டு நாள் வேலை" என்றார் தோட்டக்காரர், இந்தியில்.

"ரெண்டு நாள்ல குச்சிதான் மிஞ்சும்."

மறுநாள் மதியம் அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், சந்தையில் வாங்கிவந்த மருந்தை நானே அடித்தேன். காற்று குளத்துப் பக்கம் வீசியது. காலிப் புட்டியை அவருடைய கொட்டகைக் குப்பைக்கூடையில் போட்டேன். வேறு நினைப்பு இல்லாமல்தான் போட்டேன். ஆனால் பிற்பாடு அதை எடுக்கவும் இல்லை.

விழாவில் நல்ல கைதட்டல்.

"சார், இன்னிக்கே ரசத்துல கிள்ளிப் போடலாமோ?" என்று ஒரு மாமி கேட்டார்.

"புதுத் துளிர் வரட்டும் மாமி. இப்பவே கிள்ளினா செடி பயந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அம்மாள் ஊரிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் குளத்தோரம் போனார். புழுக்கள் கறுத்துச் சுருண்டு மண்ணில் கிடந்தன. பக்கத்து அத்திச் செடியில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்த தையல்சிட்டின் மூன்று குஞ்சுகளும் செத்திருந்தன. தேடியபோது புட்டி அகப்பட்டது.

"நான் இல்ல, தீதி" என்றார் தோட்டக்காரர் அந்த அம்மாளிடம்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க இருக்கையில யாரும் அடிச்சதப் பாத்தீயளா?"

"நான் யாரையும் பாக்கலம்மா."

பொய் என்று யாரும் காட்ட முடியாத பதில். அலுவலகத்தில் குறிப்பு எழுதிப் பழகிய கை எனக்கு. தோட்டக்காரர் என்னையே பார்த்தார். அவர் போட்ட டீ என் கையில் இருந்தது. இனி வரவேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். தோட்டக்காரர் தன் களைக்கொத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த அம்மாள் புதிதாக வந்த வேலையாட்களின் பைகளைச் சோதிக்கத் தொடங்கினார். கொட்டகைக்கு இரண்டு பூட்டு. மாசியில் ஒரு ஞாயிறு, தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டே சொன்னார்: "இனிமே ஒருத்தரையும் நம்புதாப்ல இல்ல அண்ணாச்சி. உங்களத் தவிர."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அடிச்சது நான்தாம்மா" என்றேன்.

அவர் கை மண்ணிலேயே இருந்தது.

"நீங்க அடிச்சதக்கூட விடுங்க. அந்த மனுசன் இல்லன்னு சொன்னாரு. உங்க முகத்தப் பாத்துத்தான் நான் அவர நம்பல. என்னையும் துரோகியாக்கிட்டீயளே அண்ணாச்சி."

கையை உதறிவிட்டு நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

தோட்டக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு மேம்பாலத்துக்குக் கீழே, சாலையோர நர்சரியில், மூக்கில் துண்டு கட்டி, முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து ரோஜாச் செடிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும், பாபூஜி. அன்னிக்கே இலையில வாடை வந்துச்சு. நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் கேட்டுல நின்னேன்."

"திரும்பி வந்துடுங்க."

"அத நீங்க சொல்லக் கூடாது. தீதி வரட்டும்."

இடத்தை அந்த அம்மாளிடம் சொன்னேன். மறுநாளே போனார். என்னை அழைத்துப் போகவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தோட்டக்காரர் திரும்பி வந்தார். கன்று வாங்கிய வீடுகளுக்கெல்லாம் நான் ஃபோன் செய்து, அது மருந்து அடித்த கன்று என்று சொன்னேன். பலர், "அது எப்பவோ சாம்பார்ல போயாச்சு சார்" என்று சிரித்தார்கள். அந்த மாமி ஃபோனை வைத்துவிட்டார்.

இந்த ஆவணியில், மற்றவர்களைப்போல நானும் பார்க்கப் போனேன். குளத்தோர வரிசையில் மறுபடி புழுக்கள். டீ வந்தது, இஞ்சி தட்டிப் போட்டதுதான். தோட்டக்காரர் விற்பனைக் கன்றுகளிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குளத்தோரச் செடிகளில் விட்டுக்கொண்டிருந்தார். கிளாஸை வைத்துவிட்டு, நானும் ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன்.

"ரஹ்னே தீஜியே, பாபூஜி. இருக்கட்டும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தக் கன்றைத் தூக்கித் தன் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டார்.