பீரோ மேல் இருந்த வாசனை

செவ்வாய்க்கிழமை மருமகளுக்கு லீவு. பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் தாங்காது என்பதால் லீவு செவ்வாயில் வரும். அன்று டிபன் ஆனதும் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்வாள். மூன்று டப்பாக்களை ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே நீட்டுவாள். காப்பித் தூள், பெருங்காயம், கற்பூரம். எது எது என்று நான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு தடவை ஏமாற்றப் பார்த்தேன். பெருங்காய டப்பாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் மூடி. திறந்தால் டப்பென்று சத்தம் வரும். சத்தம் கேட்டதும் "பெருங்காயம்" என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். "காதாலயா அத்த மோந்து பாக்கறீங்க? அதுல இன்னிக்கு கற்பூரத்த மாத்திப் போட்டு வெச்சிருக்கறேன்."

கண்ணைத் திறக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தப் பரீட்சையை ஏற்படுத்தினவன் என் மகன். "மூக்கு வந்துட்டா சொல்லு, நானே ஒன்ன ஒன் வூட்ல கொண்டாந்து வுட்டுடறேன்" என்று சொல்லித்தான் என்னைச் செவிலிமேட்டில் இருக்கிற தன் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

என் வீடு பிள்ளையார்பாளையத்தில். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான் நமக்கும் சுவர். அங்கே இட்லி மாவு அரைத்து விற்றேன். நான் ஆட்களோடு பேசத் தெரியாதவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கடைகண்ணியில் நின்று விலை கேட்கக்கூட நாக்கு எழாது. மாவு வியாபாரத்துக்குப் பேச்சு வேண்டாம். அவர்கள் பாத்திரத்தை நீட்டுவார்கள், நான் ஊற்றுவேன். குண்டானின் தட்டைத் தூக்கினாலே இது நாளைக் காலை இட்லிக்கு ஆகும், இது இன்றைக்கே தோசைக்குத்தான் ஆகும் என்று மூக்கு சொல்லிவிடும். புருஷன் போன பிறகு அந்த மூக்கை வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்தேன்.

ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. தெருவில் பலருக்கு வாசனை போய், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. நாக்குக்கு மட்டும் உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு என்று நாலு சங்கதி தெரியும். மாவில் கொப்புளம் பார்த்து எப்படியோ கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் காஸ் அடுப்பின் குமிழைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனேன். பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் ஓடிவந்து அடைத்தாள்.

"இன்னா அக்கா இது! தெருவே நாறுது, நீ குந்திகினு வெங்காயம் உரிக்கிற!"

சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தூளியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே மகன் வந்துவிட்டான்.

செவிலிமேட்டு வீடு நல்ல வீடுதான். எனக்குத் தனி அறை, கட்டில், பீரோ. ஆனால் மகன் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். மருமகள் ஒன்பது மணிக்கு எனக்குச் சாப்பாட்டை ஹாட்பாக்ஸில் போட்டுவைத்து, சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, வெளியே கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். முதலில் பூட்டமாட்டார்கள். வந்த மூன்றாம் மாதம் சொல்லாமல் டவுன் பஸ் ஏறி என் வீட்டுக்குப் போய்விட்டேன். அதிலிருந்து பூட்டுகிறார்கள். "திருடன் பயம்மா" என்றான் மகன். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பூட்டைப் பார்த்தான்.

கரண்ட் அடுப்பு வாங்கிக் கொடு, நான் என் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றும் கேட்டேன். "சோறு கருகினா தெரியுமா ஒனக்கு? ஒயர் கருகினா தெரியுமா?" என்றான்.

போன ஐப்பசி கடைசியில் இன்னொன்றும் சொன்னான். வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் தின்றுவிடுமாம். தை பிறந்ததும் ஒரு புருஷன் பெண்டாட்டி குடிவரக் கேட்கிறார்களாம். "அதுக்குள்ள ஒனக்கு மூக்கு வந்துட்டா வாணாம்னு சொல்லிடறேன்" என்றான்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் குளிர் தாங்கவில்லை. வீட்டில் நான் மட்டும்தான். பீரோ மேல் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த போர்வையைக் கட்டிலில் ஏறி நின்று, குடைக் கம்பியால் இழுத்தேன். அதோடு சுருட்டி வைத்திருந்த ஒரு துண்டும் சரிந்தது. பிடித்துவிட்டேன். உள்ளே கனமாக ஒரு பாட்டில். மூடி சரியாகத் திருகவில்லை. துண்டு நனைந்து என் விரலெல்லாம் ஈரம்.

மாவுக்காரியின் பழக்கம். விரலில் எது பட்டாலும் கை தானாக மூக்குக்குப் போகும். இத்தனை நாளும் போய்விட்டு வெறுமனே திரும்பி வரும். அன்றைக்கு வெறுமனே வரவில்லை.

பலாப்பழம். பழுத்து, கொஞ்சம் விட்டால் அழுகிப் போகிற பலாச்சுளை. நான் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பவும் மோந்தேன். சுளைக்குப் பின்னால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன். அதற்கும் பின்னால், மூன்று நாள் கழுவாமல் விட்ட மாவுக் குண்டானின் அடி. அந்தக் கெட்ட வாசனைதான் என்னை அழவைத்தது. எத்தனை தடவை அதைத் தேய்த்திருப்பேன்!

விரலை நக்கினேன். நாக்கு பற்றி எரிந்தது, தொண்டை வரைக்கும் இறங்கியது. எரிந்தபோதுதான் அது இன்னது என்று தெரிந்தது.

என் புருஷன் குடித்தே செத்தவர். அந்த வாசனை வேறு. அதில் பழமும் இல்லை ஒன்றும் இல்லை. அவரைக் கிடத்தியிருந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். நான் உயிரோடு இருக்கும்வரை தொடமாட்டேன் என்று அடித்துக் கொடுத்தான்.

பாட்டிலின் மேல் இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தீபாவளிக்கு வந்திருந்த மருமகளின் தம்பி ஞாபகம் வந்தான். பயணிகள் கப்பலில் சமையல் வேலை அவனுக்கு. சாப்பிடும்போது ஊர்ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தவன், ஜமைக்கா என்று ஓர் ஊரில் ஒரு சரக்கு உண்டு என்றான்.

"சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சற கறுப்புப் பாகு இருக்குது பாரு மாமா, அத்த நாள் கணக்குல பொளிக்க வுடுவாங்கோ. போன தடவ காச்சினப்ப மிஞ்சின கழுநீரையும் அதுலயே ஊத்துவாங்கோ. கிட்ட போனா கொமட்டும். ஆனா அதான் ருசியாம். நம்ம பிராந்தியெல்லாம் அதுகிட்ட பச்சத் தண்ணி. சளி புடிச்சா நெஞ்சுல தடவுவாங்கோ, புது வூடு கட்டனா மூலைக்கு மூலை தெளிப்பாங்கோ!"

"சாப்பிடற எடத்துல இன்னாடா பேச்சு" என்று மருமகள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். மகன் தலை குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். பழையதை ஊற்றிப் புதியதைப் புளிக்க வைப்பது எனக்குப் புதுசா என்று உள்ளுக்குள் நினைத்தேன், வாய் திறக்கவில்லை.

அந்தச் சரக்குதான் இது. அக்காவுக்குத் தெரியாமல் அவன் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மருமகளுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும். அவள் துடைக்காத ஒரே இடம் என் பீரோ. வாசனை தெரியாத ஒரே ஆள் நான். மகன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

ஆக, என் மூக்கில் ஏறின ஒரே வாசனையை நான் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மகன் மாட்டுவான். அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டால் நானும் மாட்டுவேன். சொல்லாமல் இருந்தால் தை பிறந்துவிடும். கிரில் பூட்டோடு இது இன்னொரு பூட்டு.

ஆனாலும் அடுத்த நாள் கட்டிலில் ஏறினேன். அதற்கடுத்த நாளும். மோந்து பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். பாட்டில் மூடியில் பாதி ஊற்றி, டம்ளரில் விட்டு, நாலு பங்கு தண்ணீர் கலந்து வாயில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் பட்டதும் எரிச்சல் குறைந்து வாசனை இன்னும் விரிந்தது. நாட்டு வாழைப்பழம், அன்னாசி, நகத்துக்குப் பூசுகிற சாயம். விழுங்கிய பிறகு மூச்சை வெளியே விட்டால் உள்ளிருந்து பலாப்பழம் ஒரு தடவை திரும்பி வரும். அதற்காகவே விழுங்கினேன். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டேன். என் புருஷனும் அப்படித்தான் வெற்றிலை போடுவார்.

ஒரு ஞாயிறு மகன் என் அறைக்கு வந்து பீரோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ம்மா, பீரோ மேல எதனா எடுத்தியா?"

"போர்வை எடுத்தேன்."

"வேற?"

"வேற இன்னா இருக்குது அங்க?"

"ஒண்ணுமில்ல. என் பழைய சர்டிபிகேட்டு. கொஞ்சம் கொறஞ்சாப்ல இருக்குது."

சர்டிபிகேட் எப்படிக் குறையும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போகிறேனோ என்று அவனும் நிற்கவில்லை.

மார்கழி இரண்டாவது ஞாயிறு. மருமகள் மீன் குழம்பு வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். மத்தியானம் மகன் எனக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றக் குனிந்தான். தட்டிலிருந்த மீன் எனக்கு மணக்கவில்லை. அவன் வாய் மணத்தது.

பொறுத்துப் பார்த்தேன். தை பிறக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"ஒன் வாயில பலாப்பழம் வாசனை வருதுப்பா" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. "இன்னா சொல்ற?"

"பஞ்சர் சொல்யூஷன் கூட."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஒனக்கு மூக்கு வந்துடுச்சாம்மா?"

"அது ஒண்ணுதான் வருது."

"இன்னா வாசனைன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பாதி மூடிதான். தண்ணி ஊத்திக்கினுதான்."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"ஒன் தலைல அடிச்ச சத்தியம்மா. நீ காய்ச்சல்ல கெடந்தியே, பயத்துல அன்னிக்குத்தான் மொதல்ல தொட்டேன். நீ எழுந்து வந்து, வாசனையே தெரிலப்பான்னு சொன்ன. என்னாலதான் போச்சுன்னு இத்தினி நாளா..."

முடிக்காமல் எழுந்தான். பாட்டிலைக் கொண்டுவந்து, சமையற்கட்டுத் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தான். களக் களக்கென்று இறங்கியது. என் வீட்டு ஆம்பிளை ஒருத்தன் தன் பாட்டிலைத் தானே கொட்ட வேண்டும் என்று எத்தனை வருஷம் சாமியிடம் கேட்டிருப்பேன்! அவன் அப்பாவின் பாட்டிலை நான் கொட்டி அடி வாங்கியிருக்கிறேன். இப்போது கண்ணெதிரே நடக்கிறது. வாசனை சமையற்கட்டு முழுக்க எழும்பி வந்தது.

"ஊத்தாதடா!"

அந்த வீட்டில் என் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததே இல்லை. அவன் பயந்து நிமிர்த்தினான். இரண்டு விரல் அளவு மிஞ்சியது.

"எனக்கு அது ஒண்ணுதான்டா இருக்குது" என்றேன்.

அவன் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தான். பிறகு ஜன்னலையெல்லாம் திறந்தான். ரெகுலேட்டரை எடுத்து மாட்டினான். "வா, இங்க நில்லு" என்று அடுப்பின் குமிழைத் திருகினான், பற்றவைக்கவில்லை.

"சொல்லும்மா. வருதா?"

வருகிறது என்று சொன்னால் போதும். அன்றைக்கு அவன் நம்புகிற முகத்தோடு இருந்தான். சாயங்காலமே ஆட்டோ பிடித்திருப்பான். உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆழமாக இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கின தூளி நினைவுக்கு வந்தது.

"காதுல வருது" என்றேன். "மூக்குல வரல."

குமிழை மூடினான். என் தோளில் கை வைத்தான், எடுத்துக்கொண்டான்.

இரவு மருமகள் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள். "இன்னா, பலாப்பழம் வாங்கியாந்தீங்களா?"

"மார்கழில ஏது பலாப்பழம்?" என்றான் மகன்.

நான் அறைக்குள் போய்விட்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பலாப்பழம் என்று அவளும் சொல்லிவிட்டாள். அப்படியானால் என் மூக்கு சொன்னது சரிதான்.

தை பிறந்து அந்தப் புருஷன் பெண்டாட்டி என் வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். மகன் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். மிச்சமிருந்த இரண்டு விரல் சரக்கைத் தைல பாட்டிலில் ஊற்றி என்னிடம் கொடுத்தான். டாக்டர் மோந்து பார்க்கச் சொன்ன மருந்து என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறான். இந்த ஒரு பொய்யை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றுகிறோம். பெரிய பாட்டிலை அவன் திரும்ப வாங்கவில்லை என்று என் மூக்கு சொல்கிறது.

காலையில் அவள் கிரிலைப் பூட்டிக்கொண்டு போனதும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தைல பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கிறேன். நாக்கில் வைப்பதில்லை, வைத்தால் தீர்ந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது டப்பாவை நீட்டியபோது அதில் ஏதோ இருந்தது. மெல்லிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுகிற மாதிரி.

"இன்னா அத்த, தெரியுதா?" என்றாள் மருமகள்.

கற்பூரம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதன் மூடியைத் திறந்த சத்தமும் கேட்டிருந்தது. சொன்னது மூக்கா, காதா?

"தெரிலமா" என்றேன். "இன்னொரு தடவ காட்டு."